நான் சேஃப்டி வகுப்பு எடுத்த நாள்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். லீவு லெட்டர் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. அதிலும் பாதியை என் மனைவி லட்சுமிதான் சொல்லித் தருவாள். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாது. (எங்கள் கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் நான் ஐயரின் காதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.)

ஓசூரில் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருடமாக, இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மிஷின் ஓட்டுகிறேன். தகட்டை வைத்துவிட்டு, வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று இருக்கும் இரண்டு பட்டன்களை இரண்டு கையாலும் அழுத்த வேண்டும். அப்போதுதான் மேலிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் விரல் நசுங்காது அல்லவா, அதற்காகச் செய்த ஏற்பாடு.

புதிதாக வந்த சேஃப்டி ஆபீசர் நிர்மலா மேடம், வெளியாள் வந்து வகுப்பு எடுத்தால் எல்லோரும் தூங்குகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தார். (உண்மைதான். நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவேன்.) இனிமேல் தொழிலாளிக்குத் தொழிலாளிதான் சொல்லித்தர வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

"முனிராஜ் அண்ணா, நீங்கதான் எடுக்கணும்."

"மேடம், எனக்குப் பேச வராதுங்க."

"பிரஸ் ஷாப் சீனியர்ல பத்து விரலும் முழுசா இருக்கிறது நீங்க ஒருத்தர்தாண்ணா."

அதற்குமேல் என்ன தகுதி வேண்டும்? வகுப்பு நன்றாகப் போனால் பிரஸ்ஸை விட்டு எடுத்து, பயிற்சி அறைக்கே மாற்றிவிடுவதாகவும் சொன்னார்.

லட்சுமிக்கு அது போதுமாக இருந்தது. மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் வீடுகளில் மூன்று பேருக்கு விரல் குறைவு. ஷிப்ட் முடிந்து நான் வந்தால் அவள் முதலில் பார்ப்பது என் முகத்தை அல்ல, கையை. "ரெண்டு கையும் பட்டன்ல இருந்தாத்தான் மிஷினே ஓடும், பயப்படாத" என்று நானும் அத்தனை வருடமாகச் சொல்லி வந்தேன்.

"ஏங்க, இந்த ஒரு தடவ வாயத் தொறந்து பேசிடுங்க. அதுக்கப்புறம் ஆயுசுக்கும் பேசவேணாம்" என்றாள்.

பத்து நாள் ஒத்திகை நடந்தது. சமையல் மேடையில் இரண்டு டம்ளரைக் கவிழ்த்தால் பிரஸ் தயார். லட்சுமியும் மகளும் தொழிலாளர்கள். வீட்டில் சிங்கம் மாதிரி பேசினேன்.

என் மிஷின் முன்னால்தான் வகுப்பு. அன்று, நாங்கள் செய்யும் பாகங்களை வாங்கும் பெங்களூர் கம்பெனியிலிருந்து பாதுகாப்புச் சோதனைக்கு ஆடிட்டரும் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் முப்பது பேர். ஆடிட்டரின் காதைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"நண்பர்களே, இந்த மிஷினுக்கு நம்ம ரெண்டு கையும் வேணும். ஒரு கை கூட வேற எங்கயும் போகக் கூடாது."

பேசப் பேசப் பயம் போனது. பயம் போனதும் கை தானாக வேலைக்குக் கிளம்பிவிட்டது. அது என் சட்டைப்பைக்குள் போய், ஒரு சின்ன மரக்கட்டையை எடுத்து, இடது பட்டனின் இடுக்கில் செருகி, ஒரு தட்டும் தட்டியது. அப்புறம் இடது கை தகடு வைக்க, வலது கை பட்டனை அழுத்த, டக், டக் என்று மூன்று பீஸ் விழுந்தது. வாய் மட்டும் "ரெண்டு கையும், ரெண்டு கையும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

(தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கட்டை செருகினால் அந்தப் பட்டன் அழுந்தியபடியே இருக்கும். ஒரு கை மிச்சம், டார்கெட் சீக்கிரம் முடியும். பிரஸ் ஷாப்பில் எல்லோரிடமும் ஒன்று உண்டு. வெளியில் பேசுவதில்லை. வீட்டிலும்தான்.)

ஆடிட்டர் கன்னடக்காரர். "இது ஏனு, என்ன இது?" என்றார்.

"எது சார்?" என்றேன், நாலாவது தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

"அந்தக் கட்டை."

பின்வரிசையிலிருந்து என் பக்கத்து மிஷின், பக்கத்து வீடு சீனப்பா, "அது மிஷின்கூடவே வந்ததுங்க சார்" என்றான். ரெண்டு பேர் சிரித்தார்கள்.

நிர்மலா மேடம் சிரிக்கவில்லை. மேஜையைக் காட்டி, "எல்லாருதும் இங்க வரட்டும். யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார்.

முதலில் சீனப்பா எழுந்து வந்து தன்னுடையதை வைத்தான். அவனுக்குப் பின்னால் ரேஷன் கடை மாதிரி வரிசை நின்றது. ஒரு கட்டையில் பெயர் செதுக்கியிருந்தது. ஒன்றுக்கு வார்னிஷ் அடித்திருந்தது. ஒன்றில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. கடைசியாக வந்த சூப்பர்வைசர் இரண்டு வைத்தார்.

"ஒண்ணு ஸ்பேருங்க மேடம்" என்றார்.

ஆடிட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தார். இரண்டு பக்கம் எழுதினார்.

எனக்கு முன்பே சேதி வீட்டுக்குப் போய்விட்டது. (சீனப்பா வண்டியில் போவான், நான் பஸ்.) லட்சுமி வாசலில் நின்றிருந்தாள். என் கையைப் பார்த்தாள்.

"பதினெட்டு வருஷமா அந்தக் கட்டைய நம்பியா நான் தூங்கிட்டிருந்தேன்?"

நான் இரண்டு கையையும் பின்னால் மறைத்துக்கொண்டேன். சோறு போட்டாள். நாலு நாள் பேசவில்லை.

இப்போது நிறையப் பேசுகிறாள். பஸ்ஸில் சில்லறைக்காகச் சட்டைப்பையில் கைவிட்டால், "பாத்துங்க, கண்டக்டர் பயந்துடப் போறாரு" என்கிறாள். அவள் ஊரான மத்தூரில் விசேஷத்துக்குப் போனால், மச்சான் என் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காரவிடுகிறான்.

வகுப்பு நடந்ததற்கு மறுநாள், மெயின்டனன்ஸ் ஆட்கள் வந்து கட்டை வைத்தால் ஓடாத மாதிரி பட்டன்களை மாற்ற ஆரம்பித்தார்கள். என் மிஷின்தான் முதல். டார்கெட்டைக் குறைத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். முதலில் கட்டையைக் கொண்டுவந்து வைத்தவன் என்று பயிற்சி அறைக்குச் சீனப்பாவைப் போட்டார்கள். நான் அதே பிரஸ்ஸில், இரண்டு கையையும் பட்டனில் வைத்து முதல் ஷிப்ட் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.