தக்காளிக் காந்தம்

காந்தம் ஒட்டவில்லை.

பச்சைக் காரின் முன்பக்க மட்கார்டில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு வந்து ஆடிட்டரின் கால் கட்டைவிரலில் விழுந்தது. வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலிருந்து எடுத்து வந்த தக்காளி வடிவக் காந்தம். விரல் நன்றாகவே வலித்தது. ஆனால் ஆடிட்டரின் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

"பட்டி!" என்றார். "டாக்டர், இந்த இடத்துல தகரமே இல்ல. துரு தின்ன ஓட்டையைப் பட்டி வச்சு அடைச்சு, மேல பெயிண்டை அடிச்சுட்டீங்க."

காரை விற்கிறவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். சாதுவான மனிதர். "உள்ளங்கை அளவுதான் சார். மத்ததெல்லாம் அசல் இரும்பு. நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

"இருந்தீங்க. சொல்லல. ஆயுசு முழுக்க சொத்தைப் பல்லை அடைச்ச கை. ஓட்டையைப் பாத்தா சும்மா இருக்குமா?"

பக்கத்தில் கைப்பையைப் பிடித்தபடி நின்ற ஆடிட்டரின் மனைவி பெருமூச்சு விட்டாள். "நான் வீட்டுலயே சொன்னேனே, இந்தப் பழைய வண்டியெல்லாம் நமக்கு வேண்டாங்க. வாங்க போலாம்."

"நீ சும்மா இரு" என்றார் ஆடிட்டர்.

மனைவி ஒன்றை வேண்டாம் என்றால் அதில் ஏதோ நல்லது இருக்கிறது என்பது அவருடைய முப்பது வருட அனுபவம். ஆகவே அவர் போகவில்லை.

வேலையில் இருந்த காலத்தில் அவருக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. சரியாக இருக்கும் கணக்கைப் பார்த்தால்தான் அவருக்குச் சந்தேகம் அதிகமாகும். மூன்று மாதத்துக்கு முன்பு மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். மாலையில் பூ குறைகிறதே என்று எண்ணிப் பார்த்தவர் அவர். வேலைக்கு ஓய்வு கிடைத்துவிட்டது, சந்தேகத்துக்குக் கிடைக்கவில்லை. அது வீட்டுக்குள் வந்து வேலைக்குச் சேர்ந்தது. போன வாரம் வாங்கிய சர்க்கரை எங்கே போயிற்று, டீத்தூள் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது, அடுப்பை ஏன் இவ்வளவு பெரிதாக எரிய விடுகிறாய் என்று சமையலறையில் ஒரு நாற்காலி போட்டே உட்கார்ந்துவிட்டார். மனைவி பாவம், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

அந்த நிலையில்தான் ஒரு காலை, காபிக்குப் பக்கத்தில் மடித்துக் கிடந்த செய்தித்தாளில் இந்தக் காரின் விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. யாரும் சொல்லாமல் தானாகவே கண்டுபிடித்தார். பார்த்ததும் நெஞ்சு ஒரு முறை குதித்தது. வேலையில் சேர்ந்த புதிதில் அவருடைய மானேஜர் இதே மாதிரிக் காரில்தான் வந்து இறங்குவார். வட்ட விளக்கு, பளபளவென்று பம்பர். பஸ் நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கி நின்று அதைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவர் ஆடிட்டர். இந்தக் கார் அவருக்கு வேண்டும், அதுதான் உண்மை. ஆனால் ஏமாந்துபோய் வாங்கினால் அவர் பூதக்கண்ணாடியே இல்லை.

"எதுக்கு விக்கிறீங்க?" என்று கேட்டார்.

"மனசு வேற பக்கம் போயிடுச்சு சார். எங்க வீட்டுக்காரி ஒரு பழைய சுவர்க் கடிகாரம் வாங்கித் தந்தா. வாங்கின மறுநாளே நின்னுபோச்சு. இப்ப அதைக் கழட்டி மாட்டுறதுதான் முழுநேர வேலை."

கடிகாரத்துக்காக யாராவது காரை விற்பார்களா? பொய் சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டாமா? ஆடிட்டர் பானெட்டில் கையை வைத்துப் பார்த்தார். ஆள் வருவதற்கு முன்பே இஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைப்பது பழைய கார் விற்பவர்களின் தந்திரம். சூடான இஞ்சின் சொன்ன பேச்சைக் கேட்கும், குளிர்ந்த இஞ்சின்தான் உள்ள வியாதியைக் காட்டும். பானெட் ஜில்லென்று இருந்தது.

"ஏன் ஜில்லுன்னு இருக்கு?"

"நிழல்ல நிக்குது சார். இன்னைக்கு எடுக்கவே இல்ல."

"எடுக்கலையா, எடுக்க முடியலையா?"

டாக்டர் வாயைத் திறந்தார். அதற்குள் டாக்டரின் மனைவி டீத் தட்டுடன் வந்தாள். தட்டை அவள் கேட்டை ஒட்டிய மேடையில் வைத்தபோது அடியில் ஏதோ உலோகம் இடிபடும் ஓசை கேட்டது. அவள் விரலில் புதுப் பிளாஸ்திரி. நகக்கண்ணில் கருப்பு மசகு. ஆடிட்டரின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. பெண்டாட்டியை விட்டுக் காரைக் கழுவச் சொல்லியிருக்கிறான், ஒழுகிய எண்ணெயை அவசரமாகத் துடைத்திருக்கிறார்கள் என்று உடனே முடிவு கட்டினார்.

"டீ எடுத்துக்கங்க" என்றாள் டாக்டரின் மனைவி, இரண்டு பேரையும் முன்பின் பார்த்திராத மரியாதையுடன்.

"எதுக்குங்க சிரமம்" என்றாள் ஆடிட்டரின் மனைவி, அதே மரியாதையுடன்.

ஆடிட்டர் காருக்குள் தலையை விட்டார். மீட்டரில் ஓடிய தூரம் மிகக் கொஞ்சம். ஆனால் பிரேக் பெடலின் ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்து மொழுக்கென்று இருந்தது.

"மீட்டரைப் பாத்தா பச்சைக் குழந்தை. பெடலைப் பாத்தா பல்லு போன கிழவன். எது டாக்டர் நிஜம்?"

"மீட்டர் முழுசா ஒரு சுத்து முடிஞ்சு, மறுபடி பூஜ்யத்துல இருந்து ஓடுது சார்."

"அதை யார் சுத்தினது?"

"வண்டிதான் சுத்தினது."

உண்மையிலேயே பழைய மீட்டர்கள் அப்படித்தான் செய்யும். ஆனால் உண்மை இவ்வளவு சுலபமாக வெளியே வந்தால் ஆடிட்டருக்குப் பிடிக்காது. ஓட்டுநர் பக்கம் உட்கார்ந்து சாவியைத் திருகினார். இஞ்சின் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. அதுவே ஏமாற்றமாக இருந்ததால் ஹாரனை அழுத்தினார். ஹாரன் அடிக்கவில்லை. வைப்பர் ஆடியது.

டாக்டர் பதறிப்போனார். "நேத்து சாயங்காலம்கூட நல்லா அடிச்சுதே சார்! எட்டு வருஷம் இந்த வண்டியோட மல்லுக்கட்டியிருக்கேன். ஒண்ணைச் சரி பண்ணினா காலையில இன்னொண்ணு போயிருக்கும். போன மாசம்தான் எல்லாம் சரியாச்சு. இப்ப மறுபடியுமா?"

"எல்லா வண்டியும் நேத்து நல்லாதான் இருந்துச்சு டாக்டர்" என்றார் ஆடிட்டர் குளிர்ந்த குரலில்.

டாக்டர் பானெட்டைத் திறந்து ஒரு ஒயரைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருகினார். ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மாடியில் ஒருவர் ஷேவிங் நுரையுடன் வந்து எட்டிப் பார்த்தார். கீழே யாரோ என்னவோ திட்டியது ஹாரனில் கேட்கவில்லை.

"நிறுத்துங்க!" என்று கத்தினார் ஆடிட்டர்.

டாக்டர் பல் பிடுங்கும் வேகத்தில் இன்னொரு ஒயரை இழுத்தார். ஹாரன் நின்றது. இஞ்சினும் நின்றது. அதற்குப் பிறகு சாவியை எவ்வளவு திருகினாலும் கார் வாயைத் திறக்கவில்லை.

ஆடிட்டர் இறங்கி, வந்த கோபத்தில் கதவை அறைந்து சாத்தினார். சரியாகச் சாத்தியதா என்று வெளிக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

டாக்டரின் தலை இன்னும் பானெட்டுக்குள்தான் இருந்தது. ஆடிட்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஊர்க் கணக்கையெல்லாம் தோண்டித் துருவிய மனிதர் அன்று என்ன செய்தார் தெரியுமா? சத்தமில்லாமல் கைப்பிடியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். உடைத்த பொருளை வாங்கித்தான் ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால்? மனைவி மட்டும் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு டீயை ஒரு வாய் குடித்தாள்.

டாக்டர் நிமிர்ந்தார். கதவில் இரண்டு ஓட்டைகள் அவரைப் பார்த்து விழித்தன.

"கைப்பிடி எங்க?"

"அதைத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன்" என்றார் ஆடிட்டர். "கைப்பிடியே இல்லாத வண்டியையா விக்கிறீங்க?"

"இப்பதான் சார் இருந்துச்சு! நீங்ககூட அதைப் பிடிச்சுத்தானே கதவைத் திறந்தீங்க?"

"நானா? கதவு திறந்தேதான் இருந்துச்சு."

டாக்டர் அவரை முதன்முறையாகச் சந்தேகமாகப் பார்த்தார். அந்தப் பார்வையை ஆடிட்டருக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருடம் அவர் மற்றவர்களைப் பார்த்த பார்வை அது. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் இவ்வளவு மோசமாக இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

பேச்சை மாற்றவேண்டும். "அதை விடுங்க, பின்பக்கம் எவ்வளவு பட்டின்னு பாப்போம்" என்று சொல்லி டிக்கிப் பக்கம் போய், பைக்குள் கைவிட்டு, தக்காளிக் காந்தத்தை வீராப்பாக உருவினார்.

காந்தம் வந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியும் வந்தது.

நாலு பேரும் அதைப் பார்த்தார்கள். மாடியிலிருந்து ஷேவிங் நுரைக்காரரும் பார்த்தார்.

"ஒட்டுது" என்றார் ஆடிட்டர். "அசல் இரும்புதான். நீங்க சொன்னது சரி. அதைத்தான்... பரிசோதிச்சேன்."

"பைக்குள்ள வச்சா பரிசோதிப்பாங்க?" என்றார் டாக்டர்.

ஆடிட்டருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அழுகை வராத குறைதான். அறுபது வயதில், ஒரு திருட்டுக் கைப்பிடியுடன், டீ குடித்த வீட்டில்.

அப்போது மனைவி முன்னால் வந்தாள். "மன்னிச்சுக்கங்க டாக்டர். இவர் தெரியாம பண்ணிட்டாரு. இந்த மாதிரி வண்டியைச் சரி பண்றதுக்கெல்லாம் பொறுமை வேணும், கைவேலை தெரியணும். இவரால எல்லாம் ஆகாது. வாங்க போலாம்."

"யாரால ஆகாது?" என்றார் ஆடிட்டர்.

"உங்களாலதான். ஒரு ஹாரன், ஒரு கைப்பிடி, இஞ்சினு. டாக்டருக்கே எட்டு வருஷம் ஆகியிருக்கு. நீங்க வீட்டுல உக்காந்து சர்க்கரை டப்பாவைப் பாத்துக்கிட்டா போதும்."

ஷேவிங் நுரைக்காரர் மேலே சிரித்த மாதிரி இருந்தது. ஆடிட்டரின் முதுகு நிமிர்ந்தது.

"டாக்டர், விலையைச் சொல்லுங்க."

"என்னங்க, வேண்டாங்க!"

"நீ பேசாதே!"

இரண்டு பேரும் பேரம் பேசினார்கள். ஆடிட்டர் பட்டியைக் காட்டிக் கொஞ்சம் குறைத்தார், ஹாரனைக் காட்டி இன்னும் கொஞ்சம் குறைத்தார். டாக்டர் அந்தக் கைப்பிடியை வாங்கி டிக்கி மேல் வைத்து ஒரு விரலால் தட்டிக் காட்டினார். ஆடிட்டர் அதோடு பேரத்தை நிறுத்திக்கொண்டார். பணம் கை மாறியது. டாக்டர் சாவியைக் கொடுக்கும்போது காரின் கூரையை ஒருமுறை தடவிவிட்டார். "ராசி இல்லாத வண்டி சார்" என்றார். "ஆனா நல்ல வண்டி."

இவ்வளவு தூரம் வருந்துகிறவன் ஏன் விற்கிறான் என்று ஆடிட்டருக்கு மறுபடி ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. ஆனால் அதற்கு இப்போது நேரமில்லை. தெரு இறக்கமாக இருந்தது. தள்ளிவிட்டால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். ஓட்டுநர் பக்கக் கதவு திறக்காததால் ஆடிட்டர் இன்னொரு பக்கமாக ஏறி, கியரைத் தாண்டி, முழங்காலை இடித்துக்கொண்டு ஸ்டியரிங்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். பழைய மானேஜர் உட்கார்ந்த அதே இடம். வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"நீ ஏறலையா?" என்று மனைவியைக் கேட்டார்.

"முதல்ல ஸ்டார்ட் ஆகட்டும். நான் பின்னால நடந்து வரேன்."

டாக்டர் மூச்சைப் பிடித்துத் தள்ளினார். பச்சைக் கார் மெல்ல உருண்டு கேட்டைத் தாண்டியது. ஆடிட்டர் ஹாரனை அழுத்தினார். வைப்பர் ஆடியது. "இதை நான் விடமாட்டேன்! நாளைக்குக் காலையில முதல் வேலை இதுதான்!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். அந்தக் குரலில் மூன்று மாதமாக இல்லாத தெம்பு இருந்தது. காரும் டாக்டரும் திருப்பத்தில் மறைந்தார்கள்.

கேட்டருகில் இரண்டு பெண்கள் மட்டும் நின்றார்கள். ஆடிட்டரின் மனைவி தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"போன்ல ஒண்ணு தரேன்னு சொன்னீங்களே, அது?"

டாக்டரின் மனைவி டீத் தட்டுக்கு அடியில் கைவிட்டு, தேய்ந்து பளபளத்த ஒரு ஸ்பேனரை எடுத்து அவள் கைப்பைக்குள் போட்டாள்.

"கடிகாரத்துக்கு இவ்வளவு பெருசு தேவைப்படாது அக்கா, இனிமே நீங்களே வச்சுக்கங்க, அவர் பகல்ல ஒண்ணைச் சரி பண்ணினா, அவர் தூங்கினதும் நீங்க ரெண்டைக் கழட்டி விட்டுடுங்க, எட்டு வருஷம் அடுக்களைப் பக்கமே வரமாட்டாரு."