ஒரு பலாப்பழம் வாங்கப் போனேன்

போன வாரம் எனக்கு வூட்ல குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு தான். ஒரு பலாப்பழம் வாங்கிக்கினு வரணும்.

அதுக்கு முன்னாடி எங்க வூட்டைப் பத்தி சொல்லிடறேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல எங்களுக்கு பாத்திரக் கடை. அத்தா, அம்மா, அண்ணன் குடும்பம், என் குடும்பம், தம்பி குடும்பம், கல்யாணம் ஆவாத தங்கச்சி நஸ்ரின். எல்லாரும் ஒரே வூடு, ஒரே அடுப்பு. காலையில பாத்ரூம் வாசல்ல நிக்கிற வரிசைய ஜன்னல் வழியா பாத்துட்டு, இங்க இன்னா குடுக்கறாங்கன்னு ஒருத்தர் கேட்டுட்டுப் போனாரு.

செலவுக்கு ஒரு ஏற்பாடு வச்சிருக்கோம். அண்ணன் தம்பி மூணு பேரும் பொதுவுல பணம் போட்டுடுவோம். மாசத்துக்கு ஒரு ஜோடி அதை நிர்வாகம் பண்ணணும். போன மாசம் அண்ணனும் அண்ணியும். அண்ணி அதுல மிச்சம் புடிச்சி புது மிக்சி ஒண்ணு வாங்கிட்டாங்க. வாங்கனது கூட பரவால்ல. அது ஓடும்போதெல்லாம் அம்மா என் மூஞ்சியப் பாக்கறாங்க.

இந்த மாசம் எங்க முறை. நானும் என் பொண்டாட்டி பர்வீனும்.

இங்க என் வியாதியையும் சொல்லிடணும். எந்த சாமானையும் ஒத்தையா வாங்க எனக்கு மனசு வராது. கடைக்கு சரக்கு எடுத்து எடுத்து பழகிப் போச்சி. "மொத்தமா எடுத்தா இன்னா வெலை?"ன்னு வாய் தானா கேட்டுடும். அப்படி வாங்குன செருப்பு மூட்டை ஒண்ணு பரண்ல கெடக்குது. எல்லாம் ஒரே சைஸு. அந்த சைஸு கால் எங்க வூட்ல யாருக்கும் இல்ல.

சரி, பலாப்பழத்துக்கு வருவோம்.

நஸ்ரினைப் பொண்ணு பாக்க தியாகதுருகத்துலேர்ந்து வெள்ளிக்கெழம வர்றாங்க. ஜும்மா தொழுகை முடிஞ்சி மதியம் விருந்து. மாப்பிள்ளையோட அம்மாவுக்கு மலைப் பலாப்பழம்னா ரொம்ப இஷ்டம்னு சம்மந்தம் பேசனவங்க காதுல போட்டு வச்சிருந்தாங்க.

விருந்துக்குக் கறி வாங்க வச்சிருந்த காசை பர்வீன் என் கையில குடுத்தா. "போற வழியில பழம் ஒண்ணு வாங்கிக்கோங்க. மீதிய கறிக்கடையில குடுத்து இப்பவே சொல்லி வச்சிடுங்க. ஒரு பழம். புரியுதா?"

"நான் இன்னா சின்னக் கொழந்தையா?"

"கொழந்தைய அனுப்பனா ஒண்ணு வாங்கிக்கினு வந்துடும். அதனால தான் கேக்கறேன்."

கடைத்தெருவுல ஒரு பழக்கடைக்காரர் கிட்ட வெலையக் கேட்டேன். அந்தாளு சொன்ன வெலைக்கு எங்க கடையில நல்ல குக்கரே குடுப்போம். அது மலைப் பழமும் இல்லயாம். எனக்கு ரோஷம் வந்துடுச்சி. மலையிலயே போயி வாங்கறேன் பாருன்னு வண்டிய எடுத்து, கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை ஏறிட்டேன். பெட்ரோல் செலவை அப்ப நான் கணக்குல சேக்கல.

வெள்ளிமலைக்குக் கொஞ்சம் முன்னாடி, ரோட்டோரத்துல ஒருத்தர் நாலஞ்சி பழத்தை வச்சிக்கினு ஒக்காந்திருந்தாரு. பேரு வெள்ளையன். சாமையும் கேழ்வரகும் போடற மனுசன், வூட்டைச் சுத்தி பலா மரம்.

பழம் இன்னா வெலைன்னு கேட்டேன். சொன்னாரு. ஞாயமான வெலை தான். ஞாயமான வெலையைக் கேட்டா எனக்குக் கொறைக்கணும்னு தோணும்.

"கம்மி பண்ணுங்க."

"கட்டாதுங்க பாய்."

அப்ப தான் என் வாய் தொறந்துச்சி. "சரி, மொத்தமா எடுத்தா இன்னா வெலை?"

அவரு என்னை ஒரு தடவ மேலயும் கீழயும் பாத்தாரு. "மொத்தமான்னா மரமா எடுத்துக்கோங்க. நாங்க வியாபாரிங்களுக்கு மரக்கணக்குல தான் பேசி உடுவோம். இந்த வருசக் காய்ப்பு பூரா உங்களுது."

வெலைய சொன்னாரு. என் கையில இருந்த கறிக் காசுக்கு ஒரு டீ காசு தான் கம்மி. ஒரு மரத்துக்கு எத்தனை காய்க்கும்னு குத்துமதிப்பா வச்சி மனசுக்குள்ள வகுத்துப் பாத்தேன். பழம் ஒண்ணு பன்னு வெலைக்கு வருது. ஒண்ண வூட்டுக்கு வச்சிக்கினு மீதிய டவுன்ல வித்தா கறிக் காசும் திரும்பிடும், மேல லாபமும் நிக்கும். அண்ணி வாங்கனது மிக்சி தானே, நான் கிரைண்டரே எறக்கிடலாம்.

"மரத்தை ஒரு வாட்டி பாத்துட்டு சொல்லுங்க பாய்," அப்படின்னாரு வெள்ளையன். நல்ல மனுசன்.

"எத்தனையோ வருசமா சரக்கு எடுக்கறவன் நானு," அப்படின்னு சொல்லி காசைக் குடுத்துட்டேன்.

அப்பறம் மரத்தைப் பாத்தேன்.

பண்டிகைக்கு மொத நாளு கடைசி பஸ்ல ஜனங்க தொங்கும் பாருங்க, அப்படித் தொங்குது. அடிமரத்துலேர்ந்து உச்சி வரைக்கும். கண்ணுக்கு எட்டாத கெளையிலயும் ரெண்டு ஒளிஞ்சிக்கினு இருக்குது.

"முக்காவாசி பழுத்துப் போச்சி. இன்னிக்கே எறக்கிடுங்க," அப்படின்னாரு. "உட்டா கொரங்கு வந்துடும்."

எறக்கறதுக்கு ஆள் கூலி. ஏத்திக்கினு வர ஒரு குட்டியானை வண்டி வாடகை. இதுக்கெல்லாம் தம்பிக்கு போன் போட்டு, எதுக்குன்னு சொல்லாம கடைக் காசுலேர்ந்து அனுப்பச் சொன்னேன். வண்டி முன்னாடி போவுது, நான் பின்னாடி பைக்ல. கொண்டை ஊசி வளைவுல ஒரு பழம் உருண்டு வந்து என் முன்சக்கரத்துல மோதுச்சி. இத்தனை இருக்கறப்போ அந்த ஒண்ணு போனா போவுதுன்னு உட்டுட்டு வந்திருக்கலாம். நின்னு எடுத்துக்கினு வந்தேன்.

டவுனுக்கு வந்து காலையில வெலை கேட்ட அதே பழக்கடைக்காரர் கிட்ட போனேன். "மலைப் பழம், மொத்தமா எடுத்துக்கறீங்களா?"

அவரு வண்டிய எட்டிப் பாத்தாரு. "பாய், இது சீசனு. என் சரக்கையே தள்ள முடியாம நானே பொண்டாட்டிக்கு குடுத்துக்கினு இருக்கறேன். வேணும்னா ஒண்ணு பண்ணு. என்னுதையும் மொத்தமா எடுத்துக்கோ, வெலைய கம்மி பண்ணித் தர்றேன்."

ஒரு நிமிசம் யோசிச்சேன். பொய் சொல்லக் கூடாது, நெசமாவே யோசிச்சேன்.

வூட்டுக்கு வந்தோம். ஹால்ல பழம், மாடிப்படியில பழம், அத்தாவோட கட்டிலுக்கு அடியில பழம். அத்தா ஈசி சேர்லேர்ந்து எழுந்திரிக்க வழி இல்லாம அங்கயே ஒக்காந்திருந்தாரு. வாசனை பள்ளிவாசல் வரைக்கும் போச்சின்னு பின்னாடி கேள்விப்பட்டேன்.

பர்வீன் ஹாலை ஒரு சுத்து பாத்தா. அப்பறம் கேட்டா. "கறிக் காசு எங்க?"

நான் ஹாலைக் காட்டினேன்.

இதெல்லாம் கூட தாங்கிக்கினேன். நஸ்ரின் வந்து கதவோரமா நின்னா. கண்ணு கலங்கி இருந்துச்சி.

"அண்ணே, இது வரைக்கும் வந்த எடத்துலயே, கல்யாணத்துக்கு அப்பறமும் பொண்ணு படிப்பை முடிக்கட்டும்னு சொன்னது இவங்க மட்டும் தான். எனக்கு இந்த எடம் புடிச்சிருக்கு. கெடுத்துடாதண்ணே."

 நாளைக்கு மறுநாள் விருந்து. கையில காசு இல்ல, கடைக் காசுல இன்னொரு வாட்டி கை வைக்கவும் முடியாது. அண்ணன் கிட்ட கேக்கலாம், கேட்டா அந்த மிக்சி சத்தத்தை ஆயுசுக்கும் கேக்கணும். ரோஷம் உடல.

அப்ப தான் ஒரு யோசனை வந்துச்சி. எங்க தெருவுல ஒரு பழக்கம். பக்கத்து வூட்டுலேர்ந்து பாத்திரத்துல எதாவது வந்தா, அதை யாரும் வெறுமனே திருப்பித் தர மாட்டாங்க. எதையாவது போட்டு தான் தருவாங்க. பழம் நம்ம கிட்ட இருக்கு, பாத்திரம் நம்ம கடையில இருக்கு. தெரு பூரா கிண்ணத்துல சுளை அனுப்புவோம். கோழிக்கடை வூட்டுலேர்ந்து கோழி வரும். பேக்கரி வூட்டுலேர்ந்து கேக்கு வரும். மூலை வூட்டு ஹாஜியார் கறி இல்லாம எதையும் அனுப்பி நான் பாத்ததில்ல.

பர்வீன் கிட்ட சொன்னேன்.

"இதுக்குப் பேரு இன்னா தெரியுமா?" அப்படின்னா.

"பட்ஜெட்டு."

"பிச்சை. அதுவும் திருவோட்டை நம்மளே செஞ்சி குடுத்து."

ஆனாலும் ஒக்காந்து அறுத்தோம். பலாப்பால் கையில ஒட்டிக்கிச்சி, கையிலேர்ந்து தாடியில ஒட்டிக்கிச்சி. மாசத்துக்குன்னு வாங்கி வச்ச தேங்காயெண்ணெ பூரா கத்திக்கும் என் தாடிக்குமே போயிடுச்சி. பெரிய பெரிய கிண்ணமா பாத்து தெரு பூரா அனுப்பி வச்சேன். பெரிய கிண்ணம்னா திரும்பி வர்றதும் ஜாஸ்தியா வரும் இல்லயா.

எனக்குத் தெரியாம போன விஷயம், அம்மாவும் அதே தெருவுக்கு தனியா குடுத்து அனுப்பியிருக்காங்க. தம்பி பொண்டாட்டியும் தனியா குடுத்திருக்கா. கூட்டுக் குடும்பத்துல யாரும் யாரையும் கேட்டு செய்யறது இல்ல. ஒவ்வொரு வூட்டுக்கும் மூணு கிண்ணம் போயிருக்கு.

வெள்ளிக்கெழம காலையில கிண்ணம் திரும்பி வர ஆரம்பிச்சிது. நான் வாசல்லயே நாற்காலி போட்டு ஒக்காந்துட்டேன்.

மொத கிண்ணம், எதுத்த வூடு. தொறந்தேன். பலாப்பழ பாயசம்.

சரி, இனிப்பு ஒண்ணு வேணும் தானே.

ரெண்டாவது, பேக்கரி வூடு. பலாப்பழ அல்வா. அடுத்தது பலாப்பழ பணியாரம். அதுக்கடுத்தது பலாக்கொட்டை குருமா. ஹாஜியார் வூட்டு கிண்ணம் வந்துச்சி, கனமா இருந்துச்சி, எனக்கு உசுரு வந்துச்சி. தொறந்தா பலாக்கொட்டை வறுவல். மேல கொஞ்சம் கறிவேப்பிலை. கறின்னு பேரு வந்தது அது ஒண்ணுல தான்.

கடைசியா கோழிக்கடைக்காரரே நேர்ல வந்தாரு. "பாய், எங்க வூட்டுக்கு யாரோ பலாப்பழம் ரொம்ப குடுத்து உட்டுட்டாங்க. உங்களுது பெரிய குடும்பமாச்சே, தின்னுடுவீங்கன்னு கொண்டாந்தேன்." என் கிண்ணம், என் சுளை. வாங்கி உள்ள வச்சேன்.

அதுக்குள்ள தியாகதுருகத்துலேர்ந்து கார் வந்து நின்னுடுச்சி.

நான் வாசல்ல ஒக்காந்திருந்த நேரத்துல, பழுக்காத காயிங்கள வச்சி அண்ணி பிரியாணி போட்டுட்டாங்க. விரிப்பு விரிச்சி எல்லாத்தையும் வச்சோம். மாப்பிள்ளை, அவங்க அம்மா, அத்தா மூணு பேரும் ஒக்காந்தாங்க. பலாக்காய் பிரியாணி, கொட்டை குருமா, கொட்டை வறுவல், பணியாரம், அல்வா, பாயசம், நடுவுல ஒரு தட்டு சுளை.

மாப்பிள்ளையோட அம்மா பிரியாணிய கரண்டியால கிளறிப் பாத்தாங்க. ஒரு தடவ. இன்னொரு தடவ, அடி வரைக்கும்.

"கறி போடலயா?" அப்படின்னாங்க.

 அண்ணி நெனச்சிருந்தா அந்த எடத்துல என்னை கவுத்திருக்கலாம். ஆனா அவங்க தான் மொதல்ல பேசனாங்க. "உங்களுக்கு பலாப்பழம்னா உசுருன்னு சொன்னாங்க மாமி. உங்களுக்காக தெருவே சேந்து ஆக்குனது." அண்ணி மேல எனக்கு மரியாதை வந்தது அன்னிக்கு தான். இதை அவங்க கிட்ட இன்னும் சொல்லல.

மாமியும் தலைய ஆட்டிக்கினாங்க. தப்பிச்சோம்னு நெனச்சேன். நஸ்ரின் இருக்காளே, அவ சும்மா இருக்கல.

"அப்படி இல்லங்க மாமி. மொத மொதல்ல வர்றீங்க, பொய்யோட ஆரம்பிக்க வேணாம். எங்க அண்ணன் உங்களுக்குன்னு ஒரு பழம் வாங்க மலைக்குப் போனாரு. வெலை கம்மின்னு மரத்தையே பேசிட்டு வந்துட்டாரு. கறிக் காசு அதுல போயிடுச்சி."

எனக்கு எங்கயாவது போயி ஒளிஞ்சிக்கணும் போல இருந்துச்சி. ஒளியறதுக்கும் எடம் இல்ல, எல்லா மூலையிலயும் பழம்.

மாப்பிள்ளையோட அத்தா கையில இருந்த பணியாரத்தைக் கீழ வச்சாரு. என்னையே பாத்தாரு.

"மரம் இன்னா வெலைக்கு பேசுனீங்க?"

சொன்னேன், மெதுவா.

"அவ்ளோ கம்மியாவா? கொறைச்சிக் கேட்டீங்களா, இல்ல அவரு சொன்னதே அதானா?" அவரு மூஞ்சில ஒரு வெளிச்சம். கொஞ்சம் நகந்து என் பக்கத்துல வந்தே ஒக்காந்துட்டாரு.

மாமி ஒரு பெருமூச்சு உட்டாங்க. அப்பறம் நஸ்ரின் கையப் புடிச்சி பக்கத்துல ஒக்கார வச்சிக்கினாங்க.

"போன மழைக்கு ஒரு கொடை வாங்கியாங்கன்னு இவரை அனுப்பனேன்மா. டஜன் கணக்குல வாங்கியாந்தாரு. எல்லாம் சின்னப் புள்ளைங்க புடிக்கிற கொடை. எங்க வூட்ல சின்னப் புள்ளையே இல்ல. எந்தப் பொண்ணு மருமகளா வந்து இந்த மனுசன் இருக்கற வூட்ல குடித்தனம் பண்ணுமோன்னு பயந்துக்கினே இருந்தேன். நீ இதுலயே பொறந்து வளந்த பொண்ணு. உனக்கு ஒண்ணும் சொல்லித் தர வேணாம்."

அங்கயே பேசி முடிச்சிட்டாங்க. படிப்பை முடிச்சிட்டு தான் மத்ததெல்லாம்னு மாப்பிள்ளையும் அவரு வாயால சொன்னாரு. நஸ்ரின் உள்ள ஓடிப் போயி அண்ணியக் கட்டிப் புடிச்சி அழுதா. எனக்கும் கண்ணுல தண்ணி வந்துச்சி, தொடைக்கப் போனா கையில இன்னும் பிசுக்கு.

கெளம்பும்போது மாப்பிள்ளையோட அத்தா என் தோள்ல கைய போட்டாரு. "கல்யாணம் முடிஞ்சி எங்க பக்கம் போடற வலீமா விருந்துக்கு ஒரு ஆடு வாங்கணும். நீங்களும் நானும் சேந்து மலைக்குப் போயி பேசுவோம்."

எனக்குப் பெருமை தாங்கல. உள்ள போயி பர்வீன் கிட்ட சொன்னேன்.

அவ கிண்ணம் கழுவிக்கினே சொன்னா. "போங்க. ஆனா மந்தை இன்னா வெலைன்னு மட்டும் கேட்டுடாதீங்க."