ஆறு க்யூபும் ஒரு மாமியாரும்

தொட்டித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த ஆறு கான்கிரீட் க்யூபுகளையே சுற்றிச் சுற்றி வந்தான் காண்ட்ராக்டர் ஞானராஜ். ஒவ்வொன்றின் மீதும் எஞ்சினியர் நெடுஞ்செழியனின் பச்சைப் பெயிண்ட் கையெழுத்து.

முன்பெல்லாம் இந்தப் பேஜாரு கிடையாது. கட்டடத்துக்கு ஒரு கலவை, சோதனைக்குப் போகிற க்யூபுக்கு வேறு கலவை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். 2014இல் எவனோ விதியை மாற்றித் தொலைத்தான். தளம் போடும்போதே எஞ்சினியர் கண்ணெதிரில் அதே கலவையில் க்யூப் எடுக்க வேண்டுமாம். லேபில் அது தேறாவிட்டால் கட்டடத்தை இடிப்பார்களாம், லைசென்ஸும் காலியாம்.

திண்டிவனம் பக்கத்துக் காலனியில் கட்டிய அந்த அங்கன்வாடிக்கு வந்த சிமெண்ட்டில் மூன்றுக்கு ஒரு மூட்டையை, விழுப்புரத்தில் தான் கட்டிய சொந்த வீட்டுக்குத் திருப்பிவிட்டிருந்தான் ஞானராஜ். மூட்டைகளை வண்டியில் ஏற்றி அனுப்பியது சித்தாள் பாஞ்சாலி, அந்தக் காலனிக்காரி. இந்த லட்சணத்தில் க்யூப் எங்கே தேறும்?

வீட்டில் மிச்சமிருந்த மூட்டையைப் பிரித்து, தாராளமாகச் சிமெண்ட் போட்டு, புதிதாக ஆறு க்யூப் வார்த்தான். பச்சைக் கையெழுத்தையும் அவனே போட்டான். தொட்டியில் மாற்றி வைத்துவிட்டுப் பழையதைப் பாஞ்சாலியிடம் தள்ளினான்.

"ஜல்தியா ஏரியில போட்டுடு. மூச்சு வுடக் கூடாது."

புதுசு இறுக நாள் வேண்டுமே! எஞ்சினியரோ, "நாளைக்கே லேபுக்கு அனுப்புங்க" என்று போனில் அவசரப்படுத்தினார்.

"சார், மாமியார் தவறிட்டாங்க சார். முப்பதாம் நாள் பூசை முடியட்டும், அனுப்பிடறேன்."

நெடுஞ்செழியன் இரக்கமுள்ள மனுஷன். அன்று சாயங்காலமே பெரிய மாலையோடு விழுப்புரம் வீட்டு வாசலில் வந்து நின்றார். கதவைத் திறந்தது மாமியார் அந்தோணிமேரி.

"யாருக்கு தம்பி மாலை?"

"ஞானராஜ் சாரோட மாமியாருக்கும்மா..."

"எனக்கா? எதுக்குப்பா இதெல்லாம்!" என்று கழுத்தை நீட்டினாள்.

ஞானராஜ் ஓடி வந்தான். "இவங்க சின்ன மாமியார் சார்! செத்தது இவங்க அக்கா!"

"எனக்கு ஏது மாப்ள அக்கா?"

நெடுஞ்செழியன் மாலையோடு திரும்பி நேரே திண்டிவனம் போனார். தொட்டியிலிருந்த க்யூபுகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

"முப்பதாம் நாள் பூசை வரைக்கும் எங்க ஆபீஸ் தொட்டியிலயே ஊறட்டும்" என்றார்.

ஞானராஜுக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. போனது தன் கையால் வார்த்த க்யூப் ஆயிற்றே!

முப்பது நாள் கழித்து, லேபில் ஆறும் ரஸ்க் மாதிரி நொறுங்கின.

மறுநாள் காலனிக்குள் இடிக்கிற வண்டி வந்தது. அங்கன்வாடியைச் சுற்றி நின்று பெண்கள் அழுதார்கள். வண்டிக்காரன் இடித்து இடித்துப் பார்த்தான். தளம் அசைவதாக இல்லை. அதைக் கவனிக்கிற நிலையிலா இருந்தான் ஞானராஜ்? பாஞ்சாலி மீது பாய்ந்தான்.

"பழச தொட்டியில வுட்டுட்டு என்னுத ஏரியில போட்டுட்டியாடி?"

"சத்தியமா இல்ல சார். நீங்க பண்ணதுதான் லேபுக்குப் போச்சு."

"அது எப்புடி நொறுங்கும்? எங்க வூட்டு சிமெண்ட்டு அது! அந்த மூட்டையிலதான் என் மாடியே நிக்குது!"

பாஞ்சாலி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ சார்! இங்க குந்தப்போறது எங்க புள்ளைங்களாச்சேன்னு வந்த சிமெண்ட்ட பூரா இதுலயே கொட்டிட்டோம். உங்க வூட்டுக்கு அனுப்புனதுல முக்காவாசி சாம்பலு சார்!"