கருத்துள்ள நூல்களும் ஒரு நல்ல அதிகாரியும்

தூத்துக்குடியில் மீன் ஏலக்கூடத்துக்குப் பின்புறம் ஒரு கிளை நூலகம் உண்டு. அதில் நாலாயிரத்துச் சொச்சம் புத்தகங்களும், இரண்டு மின்விசிறிகளும், இன்பமணி என்ற நூலகரும் இருந்தார்கள். விசிறிகளில் ஒன்று சுற்றும். காலை ஏலம் முடிந்ததும் கை காலைக் கழுவிக்கொண்டு வந்து அந்த ஒன்றின் கீழே உட்கார்ந்து படிப்பவர்கள்தான் வாசகர்கள். பதினாறு வருஷமாக எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சென்ற ஆடி மாதம் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது.

"வாசகர் கருத்தின்றிக் கிடக்கும் நூல், நூலாகக் கருதப்படமாட்டாது" என்று அது கம்பீரமாக ஆரம்பித்தது. இப்போது இட்லிக்கடைக்கு நட்சத்திரம் போடுகிறார்கள். பல் டாக்டருக்குப் போடுகிறார்கள். கடலுக்கே யாரோ 'அலை சுமார்' என்று எழுதி மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். புத்தகம் மட்டும் என்ன பாவம் செய்தது என்று துறைக்குத் தோன்றியிருக்க வேண்டும். நல்ல கருத்து பெற்றது இருந்த இடத்திலேயே நிலைநிறுத்தப்படும். மோசமான கருத்து பெற்றது லாரியில் ஏற்றிக் காகித ஆலைக்கு அனுப்பப்படும். துறையைச் சேர்ந்த நூல், நாற்காலி, அலுவலர் அனைத்துக்கும் இது பொருந்தும் என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. இன்பமணி கடைசிப் பக்கத்தைப் படிக்கவில்லை. சுற்றறிக்கையைக் கடைசிவரை படித்து நன்றாக இருந்தவர் யாரையும் அவள் பார்த்ததில்லை.

அவள் ஒரு தடித்த நோட்டை மேஜையில் வைத்து, பேனாவைத் தூண்டில் நரம்பில் கட்டித் தொங்கவிட்டாள். ஒரு மாதத்தில் நோட்டு நிறைந்தது. எடுத்துப் படித்துப் பார்த்தாள்.

ஏலம் கூவுகிற கிளைட்டன், 'மாடிவீட்டில் மூன்று கொலை' என்ற துப்பறியும் நாவலைப் பற்றி இப்படி எழுதியிருந்தான்: "கொலை ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. செத்தவனே மனசில்லாமல்தான் சாகிறான்." அதே நாவலை அவன் நாலு தடவை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான். கருவாட்டுக்கடைத் தங்கத்தாய், சமையல் புத்தகத்துக்கு, "இதைப் பார்த்துச் சமைத்தால் நாய்கூட வீட்டுப் பக்கம் வராது" என்று சொல்லி மகளை எழுத வைத்திருந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மாடக்கண்ணு, தாம் மனப்பாடமாக ஒப்பிக்கும் கவிதைத் தொகுப்பைப் பற்றி, "பாதிப் பக்கம் காலி. காகிதம் வீண். யாரும் தொட வேண்டாம்" என்று எச்சரித்திருந்தார்.

யாருமே பிரித்துப் பார்க்காத 'கோழி வளர்ப்பில் கோடி'க்கு மட்டும் முப்பத்தேழு பேர், "அருமை, அருமை, உடனே கொண்டுபோங்கள்" என்று எழுதியிருந்தார்கள். துறையே வெளியிட்ட ஐந்தாண்டுச் சாதனை மலருக்கு ஐம்பத்திரண்டு பாராட்டு.

இன்பமணி இந்த ஊர்க்காரி. அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஏலத்தில் ஒருவருக்குச் சீலா மீன்மேல் ஆசை வந்துவிட்டால், செவுளைத் தூக்கிப் பார்த்து, "வெளுத்துப்போச்சு, நேத்து மீனு" என்றுதான் சொல்வார். நல்ல மீன் என்று வாய் தவறிச் சொன்னால் பக்கத்தில் நிற்பவர் தட்டிக்கொண்டு போய்விடுவார். விலைபோகாத மீனைத்தான் ஆகா ஓகோ என்று புகழ்ந்து வெளியூர் லாரியில் தள்ளிவிட வேண்டும். பாட்டன் காலத்திலிருந்து இங்கே வேண்டியதைப் புகழ்ந்தவர் கிடையாது.

"ஏலே கிளைட்டன், ஏன்ல இப்படி எழுதி வச்சிருக்க?"

"பின்ன என்னக்கா? நல்லாருக்குன்னு எழுதுனா வேற எவனாவது எடுத்துட்டுப் போயிருவாம்லா? அப்புறம் நான் என்னத்தப் படிக்க?"

நோட்டைத் திருத்துவதற்குள், கருத்து ஒருங்கிணைப்பு அலுவலர் ராஜதுரை கைக்கணினியோடு வந்து இறங்கிவிட்டார். இரண்டு நாள் சுற்றுகிற விசிறியின் கீழேயே உட்கார்ந்து நோட்டைப் படித்தார். மூன்றாம் நாள், கண்டனம் பெற்ற அறுநூற்றுப் பன்னிரண்டு நூல்கள் வெள்ளிக்கிழமை லாரி ஏறும் என்று அறிவித்தார். அந்த அறுநூற்றுப் பன்னிரண்டும்தான் ஊரே விரும்பிப் படிக்கிறவை.

"சார், இந்தச் சமையல் புத்தகத்த தங்கத்தாய் அக்கா பதினோரு தடவ எடுத்துட்டுப் போயிருக்காவ."

"பதினோரு தடவை படித்தும் பிடிக்கவில்லை என்றால், நூல் எவ்வளவு மோசம் என்று பாருங்கள்."

"அது ஏல வழக்கம் சார். பிடிச்சாத்தான் மட்டமாச் சொல்லுவாவ. மீன் வாங்குத மாதிரி."

"மீன் வேறு துறை, மேடம்."

இன்பமணிக்கு அழுகை வந்தது. அத்தனையும் அவள் கையால் பசை தடவி அட்டை போட்ட புத்தகங்கள். உப்புக் காற்றில் இற்றுப்போகாமல் பதினாறு வருஷம் காப்பாற்றியதெல்லாம் கூழாக்கத்தானா என்று ஆத்திரமாகவும் வந்தது. அந்த ஆத்திரத்தோடு நேரே ஏலக்கூடத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

தங்கத்தாய் கருவாட்டுக் கூடையைக் கீழே வைத்தாள். "ஏளா, இரவல் போன புஸ்தகத்த லாரில ஏத்துவாவளா?"

"விதிப்படி முடியாதுக்கா. திரும்பி வந்தாத்தான் ஏத்தணும்."

அவ்வளவுதான். வியாழக்கிழமை மதியத்துக்குள் இருநூற்று நான்கு பேர் புதிதாக உறுப்பினராகி, தலைக்கு மூன்று புத்தகமாக மீன்கூடைகளில் சுமந்துகொண்டு போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை வந்த லாரிக்கு ஏற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. ராஜதுரை கலங்கவில்லை. "திரும்பி வரும்வரை காத்திருப்பேன்" என்று அதே நாற்காலியில் அமர்ந்து ஊர் இனிப்பான மக்ரூன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

இந்த ஆளைக் கிளப்பினால் ஒழிய புத்தகங்கள் அலமாரிக்குத் திரும்பாது. எப்படிக் கிளப்புவது என்று ஊர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, வழியை அவரே காட்டினார். "அலுவலரைப் பற்றியும் வாசகர் கருத்து எழுதலாம்" என்று ஒரு கட்டுப் படிவத்தை மேஜையில் வைத்தார்.

"என்ன எழுத?" என்றாள் இன்பமணி.

"இதுல என்னக்கா யோசன? விக்காத மீனு. புகழ்ந்து தள்ளிவிட வேண்டியதுதான்" என்றான் கிளைட்டன்.

மாடக்கண்ணு தலையாட்டினார். "நான் முப்பது வருஷம் துறைமுகத்துல பாத்தாச்சு. நல்ல ஆபீசர்னு பேர் வாங்குனவன ஒரு இடத்துல நிம்மதியா இருக்க விட்டதே கிடையாது. உடனே மாத்திருவாவ."

"அப்போ எழுதிரலாம் அண்ணாச்சி" என்று முதல் படிவத்தை இன்பமணியே நிரப்பினாள். "இவர் எங்கள் ஒரு ஊருக்கு மட்டும் சொந்தமாக இருப்பது பேராசை. தமிழ்நாடே இவரை அனுபவிக்க வேண்டும்." கிளைட்டன், "ஐஸ் வைக்காமலே பத்து நாள் கெடாத அதிகாரி" என்று எழுதினான். தங்கத்தாய் சொன்னது: "பெத்த பிள்ளைகூட இப்படி உட்கார்ந்திருக்காது." ஏலக்கூடமே வரிசையில் நின்றது. நானூற்றுப் பதினெட்டுப் பாராட்டுகள். படித்துப் பார்த்த ராஜதுரை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்பமணிக்கே அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது.

மூன்றாவது வாரம் ஆணை வந்தது. இன்பமணி சத்தமாகப் படிக்க, சுற்றிலும் ஆள் நின்றது.

"சுற்றறிக்கையின் கடைசிப் பக்க விதிப்படி, மாநிலத்திலேயே மிக அதிக நற்கருத்து பெற்ற அலுவலர் என்ற முறையில், திரு. ராஜதுரை அவர்கள் மேற்படி நூலகத்தில், மேற்படி நாற்காலியில், பணி ஓய்வு பெறும்வரை நிலைநிறுத்தப்படுகிறார்."

"ஓய்வு எப்பம்?" என்றார் மாடக்கண்ணு.

"இன்னும் பத்தொம்பது வருஷம் இருக்கு அண்ணாச்சி."

அன்றிலிருந்து நூலகத்தில் சாதனை மலரும், கோழி வளர்ப்பும், ராஜதுரையும் இருக்கிறார்கள். நல்ல புத்தகங்கள் ஊருக்குள் வீடு வீடாக ஒளிந்து திரிகின்றன. சமையல் புத்தகம் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. துப்பறியும் நாவல் வள்ளத்தில் ஏறிக் கடலுக்குப் போய்வருகிறது. இன்பமணி தன் அட்டை போட்ட பிள்ளைகளைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒவ்வொரு வீடாகப் போய்வருகிறாள்.

இந்த ஆடியில் ஆண்டுக் கருத்துப் படிவம் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை அவள் கடைசிப் பக்கம்வரை இரண்டு முறை படித்துவிட்டு ஏலக்கூடத்துக்கு ஓடினாள்.

"நல்லாக் கேட்டுக்கிடுங்க. மோசம்னு எழுதுனா பழைய ஆணை ரத்தாம், அப்பத்தான் இவரு போவாரு. மனசுல உள்ளத அப்படியே எழுதுனாப் போதும். அஞ்சு பேரு எழுதுனாக்கூடப் போதும்."

ஒருவரும் கையை நீட்டவில்லை. தங்கத்தாய் மெதுவாகக் கேட்டாள்: "ஏளா, நான் அவர மட்டமாச் சொன்னா, தங்கத்தாய்க்கு அந்தாளு மேல ஆசைன்னுல்லா ஊரு பேசும்?"

கிளைட்டன் கடலைப் பார்த்தான். மாடக்கண்ணு காது கேட்காதவர் மாதிரி நின்றார். சரி, முதல் படிவத்தை நாமே நிரப்பிவிடுவோம் என்று இன்பமணி பேனாவை எடுத்தாள். ஊர் மொத்தமும் அவள் கையையே பார்த்தது. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மிக நல்ல அதிகாரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.