நீ புடி, நான் அடிக்கிறேன்

ஆணி அடிப்பவர்களில் இரண்டு ஜாதி. ஆணியைத் தானே பிடித்துக்கொண்டு அடிக்கிறவர் ஒரு ஜாதி. அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, விரலை நசுக்கிக்கொண்டு கையை உதறிவிட்டுப் போய்விடுவார், பாவம். நாம் பார்க்கப்போவது மற்ற ஜாதி. "நீ புடி, நான் அடிக்கிறேன்" என்பவர். அவரைத் தேடி அலைய வேண்டாம். சுத்தியல் சத்தம் ஒருவருடையதாகவும் அதைத் தொடர்ந்து வருகிற "ஐயோ" இன்னொருவருடையதாகவும் எந்த வீட்டில் கேட்கிறதோ, அதுதான் அவர் வீடு.

விருத்தாசலத்துக் கோதண்டபாணியையே எடுத்துக்கொள்ளுங்கள். பீங்கான் பட்டறையில் சரக்குப் பிரிக்கிற வேலை. சூளையிலிருந்து வரும் கப்பையும் சாசரையும் சின்ன மரக்குச்சியால் தட்டுவார். 'ணங்' என்றால் நல்ல சரக்கு, 'டப்' என்றால் விரிசல். மனைவி சிந்தாமணிக்கு அடுத்த பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதும் வேலை. பொம்மைத் தலையை இடது கையின் இரண்டு விரலுக்கு நடுவே அசையாமல் பிடித்து, ஒரே இழுப்பில் இமையை எழுத வேண்டும். பிடி ஆடினால் பொம்மைக்கு மாறுகண். 1978-ல், நவராத்திரிக்கு ஒரு மாதம் இருந்த ஞாயிற்றுக்கிழமை அது. மறுநாள் எழுத வேண்டிய பொம்மைகள் முந்நூறு. அன்று பார்த்துத்தான் அவருக்குச் சுவர்க்கடிகாரம் மாட்டும் ஆசை வந்தது.

முதலில் சுவரைத் தட்டினார். எதால்? அதே மரக்குச்சியால், தலையைச் சாய்த்து, கண்ணை மூடி. பல இடத்தில் 'டப்' என்றது. ஓரிடத்தில் மட்டும் 'ணங்'.

"இதான் எடம். நல்லா வெந்திருக்குது."

"தட்டிப் பாத்து எடுக்க இது என்னா சாசராங்க?" என்றாள் சிந்தாமணி.

கேட்பாரா? ஆணி இறங்குகிற இடத்தை ஊரே தேடும்போது, செங்கல் சுவரில் எவனோ ஒளித்து வைத்த ஒரே கருங்கல்லைத் தேடிப்பிடித்துப் பென்சிலால் புள்ளியும் வைத்தார் மனிதர்.

குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த மங்கலம்பேட்டை சனாவுல்லா, பழகிய பாவத்துக்குத் தன் கரண்டு டிரில்லைக் கொண்டுவந்தார். "அண்ணே, இந்தப் பிளக்கு நம்மூருக்குச் சேராது, வேற மாத்திக்கிட்டு போடுங்க. கண்ணுக்குக் கண்ணாடி, லுங்கிய இறுக்கிக் கட்டிக்குங்க" என்றார். யாரிடம் சொல்கிறார்?

"எனக்கா தம்பி சொல்ற?"

பிளக்கை வெட்டி எறிந்தார். ஒயரின் இரண்டு முனையையும் பிளக் பாயிண்டு ஓட்டையில் சொருகித் தீக்குச்சி வைத்து இறுக்கினார்.

"சிந்தாமணி, ஒயர நீ புடி."

"அதுக்கு மட்டும் நான் வர மாட்டேன்."

டிரில் கல்லில் பட்டுக் கிர்ரென்றது, ஓட்டையில் பொறி பறந்தது, ஃப்யூஸ் போனது. சனாவுல்லா டிரில்லை வாங்கிக்கொண்டு, தரையில் கிடந்த பிளக்கையும் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "போயிட்டு வரேண்ணே" என்று நடையைக் கட்டினார்.

சுத்தியல் வந்தது. பெஞ்சில் அவரும் ஏறினார், அவளையும் ஏற்றினார்.

"நீ புடி, நான் அடிக்கிறேன். ஆடாத. என் மேல நம்பிக்கை வை."

இந்த ஜாதிக்கு மந்திரமே இதுதான். நம்பிக்கை இவருடையது, விரல் அடுத்தவருடையது. போன பொங்கலுக்குக் காலண்டர் மாட்டியபோது வைத்த நம்பிக்கையில் போன நகம், சிந்தாமணிக்கு இப்போதுதான் முழுசாக முளைத்திருந்தது. முதல் அடியில் ஆணி வளைந்தது. இரண்டாவது ஆணி அவள் காதோரமாகப் பறந்தது. மூன்றாவது அடிக்குச் சுத்தியல் வழுக்கி, அவள் கட்டைவிரலுக்கு ஒரு நூல் தள்ளிச் சுவரில் இறங்கியது. காரை பொலபொலவென்று கொட்டியது.

"நீ ஏன் ஆட்டின?" என்றார் கோதண்டபாணி.

சிந்தாமணி சுவரிலிருந்து கையை இழுத்துக்கொண்டாள். விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள். இருந்தது. அதற்கப்புறம் பயம் போய் அசல் கோபம் வந்தது.

"சுத்திய இப்படிக் குடுங்க. நீங்க புடிங்க, நான் அடிக்கிறேன்."

"நீயா?"

"ஆடாம புடிக்கத் தெரிஞ்சவரு நீங்கதான?"

மறுக்க முடியுமா? பிடித்தார். அவள் சுத்தியலை ஓங்கினாள்.

"இரு இரு. ஆணிய வெரலால புடிக்கக் கூடாது, கொறட்டால புடிக்கணும். மொதல்ல சுத்தித் தலை ஆடுதான்னு பாரு. கண்ணாடி போடாம கல்லுல அடிக்கவே கூடாது. பெஞ்சி வேற ஆடுது. அதுவுமில்லாம இது கருங்கல்லு, ஆணி எறங்காது, எடத்த மாத்தணும்."

சிந்தாமணி ஓங்கிய கையை இறக்கினாள்.

"இவ்ளோவும் தெரியுமா உங்களுக்கு?"

கோதண்டபாணி கையிலிருந்த ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் வெரலு இருந்தப்ப ஒண்ணு கூட ஞாபகம் வரலியே."

அவள் பெஞ்சை விட்டு இறங்கி, சுத்தியலை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இருபது வருடமாக வீட்டில் ஆணி அடிக்கிறவர்தானே நீங்களும்? உங்கள் கட்டைவிரலைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு வடு கூட இல்லையா? கைதேர்ந்தவர் என்று மார்தட்டிக்கொள்ளுமுன், உங்கள் வீட்டுக்காரியின் விரலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.