அரை அடி முன்னால் பாடுகிறவர்

மாதா கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பாடுகிறவர்கள் உண்டு. திறந்து வைத்துக்கொண்டு கொட்டாவி விடுகிறவர்களும் உண்டு. இவர்களை விட்டுவிடுவோம். நாம் பார்க்கப்போவது மூன்றாவது இனம்: புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, பாடகர் குழுவுக்கு அரை அடி முன்னால் பாடிக்கொண்டு போகிறவர். ஒரு பங்குக் கோயிலுக்கு ஒருவர் போதும். இரண்டு பேர் அமைந்துவிட்டால் பங்குச்சாமியார் பாடு பெரும்பாடு.

திருச்சி பாலக்கரைப் பக்கத்துக் கோயில் ஒன்றில் இந்தப் பதவியை வகிப்பவர் அமிர்தராஜ். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். அவரை நியமித்தது யார்? யாருமில்லை. ஞாயிறு காலைப் பூசைக்கு மூன்றாம் பெஞ்சில் ஓரத்து இடம்; பக்கத்தில் மனைவி இருதயமேரி. கீபோர்டு வாசிக்கும் ஷெர்லின் சுருதியைத் தொடுவதற்குள் இவர் பல்லவியில் பாதி தூரம் போயிருப்பார். காணிக்கைப் பாடலில் சாமியார் கை கழுவி முடித்ததைப் பார்த்துக் குழு இரண்டு சரணத்தோடு நிறுத்திக்கொள்ள, இவர் மூன்றாவதைத் தொடங்க, சனமும் வேறு வழியில்லாமல் பின்னாலேயே இழுபட, சாமியார் விரித்த கையோடு பீடத்தில் காத்து நிற்பார். நான்கு சரணத்தை இரண்டாக வெட்டுவது ஆண்டவரிடம் பாதிப் பேச்சில் எழுந்து போவது மாதிரி என்பது இவர் கட்சி.

ஷெர்லின் ஒருமுறை பணிவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"நான் விட்டா பாட்டு படுத்துரும்மா" என்றார்.

அதை அவர் உண்மையாகவே நம்பினார், பாவம்.

பங்குத் திருவிழா முடிந்த கையோடு தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டு வாரம் பேசவே கூடாது, மீறினால் குரல் திரும்பாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அமிர்தராஜுக்குக் குரலைவிடக் கோயிலைப் பற்றித்தான் கவலை. தான் இல்லாமல் வருகைப் பாடலை யார் தூக்கி நிறுத்துவது? ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து, பாட்டு விழுவதற்காகக் காத்திருந்தார்.

விழவில்லை. தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்கி, முடிய வேண்டிய இடத்தில் முடிந்தது. என்ன ஆயிற்று என்று ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது மனிதருக்கு.

திருவிருந்துப் பாடலின்போது பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. பிசிறில்லாத, அவசரமில்லாத குரல். ஒவ்வொரு சொல்லையும் ஆண்டவரிடம் நேரில் சொல்வது போன்ற குரல். யாரென்று திரும்பினார். இருதயமேரி கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வருஷமாக இருவரும் அதே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள்.

பேசக் கூடாதே! வெளியே வந்ததும் செல்போனில் தட்டிக் காட்டினார்: நீ எப்போதிலிருந்து பாடுகிறாய்?

"கல்யாணத்துக்கு முன்னாடி லால்குடியில குழுவுல பாடிட்டு இருந்தேங்க" என்றாள் அவள். "இங்க வந்தப்புறமும் வாரா வாரம் பாடுறேன். உங்க பக்கத்துல நின்னா எனக்கே கேக்காது."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது. பஸ் ஏறி வீடு வரும்வரை செல்போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

தொண்டை சரியாகி மாதம் இரண்டு ஆகிறது. அமிர்தராஜ் இப்போதும் பாடுகிறார், தன் காதுக்கு மட்டும் எட்டுகிற அளவில், மனைவி பாடும் பக்கமாகத் தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு. திருந்திவிட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பின் பெஞ்சில் யாராவது உச்சக் குரலில் கிளம்பினால் திரும்பி ஒரு முறை முறைக்கிறார்.

நிற்க. போன ஞாயிறு உங்கள் பக்கத்தில் நின்று பாடியவருக்குக் குரல் எப்படி? கவனிக்கவில்லையா? அப்படியானால் அமிர்தராஜ் முறைத்தது உங்களைத்தான்.