மூன்றாவது தெருவில் நடவு

"பாக்கியநாதா, வண்டி நிக்காதுப்பா! வர்றியா, போவட்டுமா?"

மெயின் ரோட்டிலிருந்து கம்பெனி வேன் டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே கத்தினார். பாக்கியநாதனால் வரவும் முடியவில்லை, போகச் சொல்லவும் முடியவில்லை. ஜோசப் நகர் மூன்றாவது தெருவின் நட்டநடுவில் அவருடைய இடது கால் முழங்கால்வரை சேற்றுக்குள் இருந்தது. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்து இழுத்தார். கால் வந்தது. ஷூ வரவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பைப் கம்பெனியில் அவர் தரப் பரிசோதகர். பாதுகாப்பு ஷூ இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. ஆகவே வேன் போய்விட்டது, அவர் வீட்டுக்குத் திரும்பினார்.

மனைவி ஆரோக்கியமேரி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இன்னா, ஒத்த ஷூவோட வர்ற? இன்னொண்ணு எங்க?"

"ரோடு துன்னுட்ச்சி."

"துன்னும், துன்னும். நீ வாயத் தொறந்து நாலு பேர்கிட்ட சொல்லாதவரிக்கும் அது துன்னுகினுதான் இருக்கும்."

அவள் சொன்னது நியாயம்தான். பாக்கியநாதனுக்குப் பொது இடத்தில் குரல் எழும்பாது. பஸ்ஸில் "இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, யாராவது இறங்கும் நிறுத்தத்தில் சேர்ந்து இறங்கி, மிச்ச தூரத்தை நடந்து வருகிற மனிதர்.

ஆனால் அன்று சாயங்காலம் நடந்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு அவர் போனார். காரணம் ஷூ மட்டுமல்ல. அடுத்த வீட்டு ஜெனிபர் நிறைமாதம். முந்தின வாரம் பொய்வலி வந்தபோது ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, நான்கு பேர் அந்தச் சேற்றில் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த நான்கு பேரில் பாக்கியநாதனும் ஒருவர். நடுவில் ஒருமுறை அவர் கால் வழுக்கியது.

சங்கச் செயலாளர் ராபின் நன்றாகப் பேசுவான். "மனு குடுத்தாச்சு, மறுபடியும் குடுத்தாச்சு. ஒரு பூச்சி கூட வந்து எட்டிப் பாக்கல. இப்ப இன்னா பண்லாம்?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பாக்கியநாதன் பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாக, "டி.வி.ல பாத்தேன்... ரோட்ல நாத்து நட்டுப் போராட்டம் பண்றாங்க..." என்று இழுத்தார். அவர் முடிக்கவே இல்லை.

"சூப்பர் சார்!" ராபின் எழுந்தே நின்றுவிட்டான். "நாற்று நடும் போராட்டம்! சார்தான் ஒருங்கிணைப்பாளர்!"

மறுநாள் தெருமுனையில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் தொங்கியது. பதினெட்டு வருடத்துக்கு முந்தைய கல்யாண போட்டோவிலிருந்து ஆரோக்கியமேரியை வெட்டிவிட்டு, கோட் சூட்டும் மாலையுமாக பாக்கியநாதனை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

"என்ன வெட்டிட்டுதான் போராட்டமா?" என்றாள் ஆரோக்கியமேரி. அன்று ராத்திரி ரசம் மட்டும்தான்.

நாற்றுக்கு எங்கே போவது? ஜோசப் நகரை ஒட்டி நிலம் வைத்திருப்பவர் குப்பம்மாள். ஐம்பது வயது, சொந்த டிராக்டர், ஊர் முழுக்கக் கேட்கும் குரல், ஒரு டி.வி.எஸ். மொபெட். நடவு முடிந்து மிஞ்சிய நாற்று அவரிடம் கிடந்தது. பாக்கியநாதன் வரப்பில் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

"நாத்தா? எடுத்துக்க நைனா. ஆனா எம் பயிர அசிங்கப்படுத்தக் கூடாது. போட்டோவுக்கு ரெண்டு சொருவிட்டுப் போற வேலயே வாணாம். நட்டா ஒயுங்கா நடணும்."

"சரிங்கம்மா."

"உங்களுக்கு நடவே தெரியாதே. நானே வர்றேன்."

வந்தார். ஆட்களோடும் கயிற்றோடும் வந்தார். தெருச் சேற்றை மிதித்துச் சமன் செய்து, குறுக்கே கயிறு பிடித்து, வரிசை பிசகாமல் நட்டு முடித்தபோது மூன்றாவது தெரு பச்சைப் பாய் விரித்ததுபோல இருந்தது. தெருவே கைதட்டியது. ஒரே ஒரு குறை. வருவதாகச் சொன்ன நிருபர் வரவில்லை.

"நாளைக்கு நிச்சயம் வர்றாராம்," என்றான் ராபின், போனைக் காதிலிருந்து எடுக்காமல். "அதுவரிக்கும் நாத்து வாடாம பாத்துக்கங்க சார்."

வெயில் அடித்தது. நாற்று வாடாமலிருக்கத் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் நிற்க வரப்பு வேண்டும். பாக்கியநாதன் லீவு போட்டுவிட்டு, தெருவின் இரண்டு முனையிலும் மண் அணைத்து வரப்பு கட்டினார். அந்த வரப்பில்தான் எதிர்வீட்டு ஜெகனின் பைக், ஜெகனோடு சேர்த்து, கவிழ்ந்தது.

"யோவ்! முன்ன சேறுதான் இருந்துச்சி, தட்டுத்தடுமாறி ஓட்டிகினு போனேன். இப்ப கரை கட்டி ஏரியே பண்ணிட்டியேய்யா!"

"நிருபர் வர்றவரிக்கும்தான் ஜெகன்..."

"உன்ன சும்மா வுட மாட்டேன், பாத்துக்கினே இரு!"

நிருபர் மறுநாளும் வரவில்லை, அந்த வாரம் முழுக்கவே வரவில்லை. நாற்று மட்டும் வேர் பிடித்தது. அப்போது ஒரு ஜீப் வந்தது. கிராம நிர்வாக அலுவலர் அதிலிருந்து இறங்கி, பயிரைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார்.

"யாருங்க இந்த கோட்டு போட்ட ஆளு?"

தெரு மொத்தமும் இரண்டடி பின்னால் நகர்ந்தது. பாக்கியநாதன் நகரவில்லை. ஷூ இல்லாத அவர் காலைச் சேறு பிடித்து வைத்திருந்தது.

"அரசாங்கப் புறம்போக்குல பயிர் வெச்சிருக்கீங்க. ஆக்கிரமிப்பு. கேஸ் ஆயிடும், தெரியுமா?"

"சார், இது போராட்டம் சார்."

"போராட்டத்துக்கு எவன்யா வரப்பு கட்டுவான்? யாரோ போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. ரெண்டு நாள்ல புடுங்கிடணும்."

யார் போன் பண்ணியது? பாக்கியநாதனின் பார்வை எதிர்வீட்டுக்குப் போனது. ஜெகன் வாசலில் நின்று முழங்காலில் மருந்து தடவிக்கொண்டிருந்தான்.

"என்னா மொறைக்கிற? எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் இல்ல!"

செய்தி கேட்டு மொபெட்டில் வந்த குப்பம்மாள் தெருவே அதிரக் கத்தினார். "எவன்டா அவன் போன் போட்ட சோமாரி? அவன் வாயில மண்ணு வுய! வேர் புடிச்ச பயிர யாராவது புடுங்குனீங்க, தெரியும் சேதி!"

பிடுங்கினால் குப்பம்மாள். பிடுங்காவிட்டால் கேஸ். பாக்கியநாதன் அன்றும் லீவு போட்டார்.

மறுநாள் இன்னொரு ஜீப். இது வேளாண்மைத் துறை. ரம்யா என்ற இளம் அதிகாரி துள்ளிக் குதித்து இறங்கினாள்.

"இங்க பயிர்ல பூச்சின்னு யாரோ போன் பண்ணாங்க. யார் சார் விவசாயி?"

மறுபடியும் தெரு பின்வாங்கியது. மறுபடியும் பாக்கியநாதன்.

ரம்யா குனிந்து பார்த்தாள். "பூச்சியே இல்லையே! வரிசை நடவு, சீரான இடைவெளி, வேர் என்னமா பிடிச்சிருக்கு! சார், எவ்ளோ சொல்லியும் யாரும் இப்படிச் செய்ய மாட்டேங்கறாங்க. நீங்க எத்தன வருஷமா விவசாயம் பண்றீங்க?"

"மேடம், நான் பைப் கம்பெனி. இது வயல் இல்ல, இது..."

"ஓ! வேலைக்கும் போய்க்கிட்டே விவசாயமா? கிரேட் சார்!"

'இது ரோடு' என்ற இரண்டு சொற்கள் தொண்டைவரை வந்து திரும்பிப் போயின. அதற்குள் அவள் பல கோணங்களில் போட்டோ எடுத்து, பேனரில் இருந்த கோட் சூட்டையும் சேர்த்துத் துறை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள்: 'முன்னோடி விவசாயி திரு. பாக்கியநாதனின் மாதிரி வயல்.'

அந்தப் படம் எப்படியோ பைப் கம்பெனிக்கும் போய்ச் சேர்ந்தது.

"மிஸ்டர் பாக்கியநாதன்," என்றது போனில் ஒரு நிதானமான குரல். "உடம்பு சரியில்லன்னு லீவு போட்டுட்டு நெல்லு நட்டிருக்கீங்களாமே? வியாழக்கிழமை வந்து விளக்கம் சொல்லுங்க."

ஆரோக்கியமேரி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு ஷூ போனதுக்கு வேலையே போவும் போலிருக்கே! ஒரே பேஜாராப் பூட்ச்சே!"

அடுத்த வீட்டில் ஜெனிபர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துகொண்டிருந்தாள். பாக்கியநாதன் ஜன்னல் வழியே அவளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை காலை எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. கிழக்கு முனையில் பயிரைப் பிடுங்க ஆட்களோடு கிராம நிர்வாக அலுவலர். மேற்கு முனையில் 'மாதிரி வயல்' என்ற புதிய பலகையோடு ரம்யா. நடுவில் இடுப்பில் கைவைத்து குப்பம்மாள்.

"போட்டோவப் பாத்துட்டு சப்-கலெக்டர் மேடம் வயல் பாக்க வர்றாங்க. யாரும் கை வெக்கக் கூடாது!" என்றாள் ரம்யா.

"ஏம்மா, இது ஆக்கிரமிப்பு!" என்றார் அலுவலர்.

"சார், இது எங்க மாதிரி வயல்!"

அவர்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே சப்-கலெக்டரின் கார் மெயின் ரோட்டிலிருந்து திரும்பி, பத்தடி வந்து, 'ழ்ழ்ழ்' என்று சுற்றி, அச்சுவரை சேற்றில் அமர்ந்தது. டிரைவர் எவ்வளவு மிதித்தும் சேறுதான் பறந்தது. ஜெகனும் இன்னும் சிலரும் ஓடிப்போய்த் தள்ளினார்கள். கார் அசையவில்லை. ஜெகனின் சட்டை மட்டும் நிறம் மாறியது.

சப்-கலெக்டர் இறங்கினார். நாற்பது வயது இருக்கும். காட்டன் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்புவரை நடந்து வந்தார். ஒரு செருப்பு வழியிலேயே தங்கிவிட்டது.

"பயிர் நல்லா இருக்கு," என்றார் ரம்யாவிடம். பிறகு சேறு படிந்த காலைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "ஆனா இவ்வளவு வீடு இருக்கு. உள்ள வர ஒரு ரோடு கூடவா இல்ல? ரோடு எங்க?"

எல்லோரும் ராபினைப் பார்த்தார்கள். நன்றாகப் பேசும் ராபின் வாயைத் திறந்தான். காற்று வந்தது, பேச்சு வரவில்லை.

பாக்கியநாதன் ஒரு அடி முன்னால் வைத்தார். காது சூடானது. ஆனால் குரல் எழும்பியது. மெயின் ரோடுவரை கேட்கிற மாதிரி எழும்பியது.

"அம்மா, நீங்க நிக்கறதுதாம்மா ரோடு!"

சப்-கலெக்டர் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். பாக்கியநாதன் நிறுத்தவில்லை.

"இது வயல் இல்லம்மா. மூணாவது தெரு. மனு குடுத்து சலிச்சிப்போய்தான் நாத்து நட்டோம். அந்தா நிக்குதே அந்தப் பொண்ணு, நெறமாசம். அத நாங்க நாக்காலியில வெச்சு இந்தச் சேத்துல தூக்கிகினு போனோம்மா. நான் வழுக்கினேன். அன்னிக்கு நான் வுயுந்திருந்தா..."

சப்-கலெக்டர் ஜெனிபரைப் பார்த்தார். கவிழ்ந்த நாற்காலி போலச் சாய்ந்து கிடக்கும் தன் காரைப் பார்த்தார். பிறகு திரும்பி, அலுவலரை மிக மெதுவாகக் கேட்டார்.

"இதுல பயிர் வெச்சிருக்காங்கன்னு ஒரு போன்லயே வந்துட்டீங்க. இங்க ரோடு இல்லங்கறது இத்தன நாளா உங்க கண்ணுல படலையா?"

அலுவலர் பயிரைப் பார்த்தார். பயிர் காற்றில் தலையாட்டியது.

அங்கேயே நின்று சப்-கலெக்டர் யார் யாருக்கோ போன் செய்தார். காலில் சேறு காய்வதற்குள் பொறியாளர் வந்தார். அந்த வாரமே லாரி லாரியாக ஜல்லி இறங்கியது. நாற்றை வேரோடும் மண்ணோடும் எடுத்துத் தன் நிலத்தின் ஓரத்தில் நட்டுக்கொண்ட குப்பம்மாள், ரம்யாவின் பலகையையும் கூடவே கொண்டுபோய் அங்கே ஊன்றிவிட்டார். ரம்யாவுக்குப் பரம சந்தோஷம்.

வாரம் முழுக்க வராத நிருபர், சப்-கலெக்டர் கார் சேற்றில் சிக்கியது என்றதும் அன்றே கேமராவோடு ஓடிவந்தார். மறுநாள் கம்பெனிக்கு விளக்கம் சொல்லப் போன பாக்கியநாதனை, செய்தித்தாளில் வந்த படத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மேனேஜர் எழுந்து கைகுலுக்கி அனுப்பினார். புது ஷூவும் கிடைத்தது.

ஜல்லி போட்டு ரோலர் ஓடிய இரண்டாம் நாள் ஜெனிபருக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸ் சைரனோடு மூன்றாவது தெருவுக்குள் நுழைந்து, வீட்டு வாசலிலேயே நின்றது. தெருவே நின்று கைதட்டியதில் டிரைவர் பயந்துபோனார். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

சிமென்ட் சாலை முழுதாக முடிந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டதும் தெருவிலேயே பந்தல் போட்டு விருந்து. ராபின் மைக்கை நீட்டியபோது பாக்கியநாதன் அதைப் பிடுங்காத குறையாக வாங்கினார். அதன்பிறகு அவரிடமிருந்து மைக்கைத் திரும்ப வாங்குவதுதான் ராபினுக்குப் பெரும்பாடாகிவிட்டது. புதிய பேனரில் ஆரோக்கியமேரியும் முழுதாக இருந்தாள்.

பந்தியில் ஜெகனுக்கும் குப்பம்மாளுக்கும் நடுவில் பாக்கியநாதன் உட்கார்ந்தார். பிரியாணி சூடாக வந்தது.

"மன்னிச்சிக்க ஜெகன், உன்ன சந்தேகப்பட்டுட்டேன்," என்றார். "எல்லாரும் நல்லது பண்ணீங்க. ஆனா அந்தப் போன் போட்ட ஆளு மட்டும் எங்கையில கெடச்சான்... ஆக்கிரமிப்புன்னு ஒரு போனு, பூச்சின்னு ஒரு போனு! எங்குடும்பமே நடுத்தெருவுக்கு வந்திருக்கும்!"

குப்பம்மாள் எலும்பை நிதானமாகக் கடித்து முடித்து, இலையோரம் வைத்தார்.

"ரெண்டு போனும் நான்தான் நைனா போட்டேன், ரோடு இல்லன்னா எவனும் வர மாட்டான், பொறம்போக்குல நெல்லு போட்டுட்டான், பயிர்ல பூச்சின்னு சொன்னாதான் ஜீப்பு எடுத்துகினு ஓடியாருவானுங்க!"